கச்சான் காற்றுக்கு ஒரு கண்ணாடி

ஜூலை 7, திங்கள்

இந்த நோட்டைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் சரி, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டிவிடாதீர்கள். அப்பாவிடம் மட்டும் காட்டவே காட்டாதீர்கள். அட்டையில் வேதியியல் ரெக்கார்டு என்று எழுதியிருக்கிறேன். முதல் ஆறு பக்கம்தான் அது. ஏழாம் பக்கத்தைத் திருப்பியிருந்தால் நீங்கள் தெரிந்தேதான் படிக்கிறீர்கள். அப்படியே மூடி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்.

என் பெயர் ஜெபஷீலா. பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. எங்கள் ஊர்ப் பள்ளியில் பத்தாவதோடு சரி. அதற்குமேல் படிக்க ஏழு கிலோமீட்டர் தள்ளி டவுனுக்குப் போக வேண்டும். பள்ளி தொடங்குவது ஒன்பது மணிக்கு, எங்கள் ஊருக்கு முதல் பஸ் வருவதே ஒன்பது நாற்பதுக்கு. அதனால் என் கூடப்பிறந்த ரூபியக்காவின் சைக்கிளில் போகிறேன். அது அவளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள். ஒரு வருஷமாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது.

வழி முழுக்க இரண்டு பக்கமும் உப்பளம்தான். போன வருஷம் ஆகஸ்டில் அந்தச் சாலையில் ரூபியக்காவின் இடது கண்ணில் மணல் விழுந்தது. மூன்று நாள் பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டார்கள். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கண்ணில் புண் வைத்துவிட்டது. இப்போது அந்தக் கண்ணில் வெள்ளையாக ஒரு படலம். அதில் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். பிளஸ் டூவை அதோடு நிறுத்திவிட்டாள்.

அன்று அவள், அப்பா வாங்கிக் கொடுத்த தூசிக் கண்ணாடியைப் போடாமல் போனாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போடாமல்தான் போனாள்.

நான் சைக்கிளை எடுத்த அன்று அப்பா சொன்னது இது: "ஒரு நா, ஒரே ஒரு நா கண்ணு செவந்து நீ இந்த வாசப்படி ஏறுனேன்னு வையி, அன்னையோட சைக்கிளும் கெடையாது, டவுன் பள்ளிக்கூடமும் கெடையாது. கேக்குதா ஏட்டி?"

கேட்டது. அப்பா சத்தம் போடவில்லை. அதுதான் பயம்.

இன்று தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "ஒங்க அக்கா மார்க்க எடுத்துப் பாத்தேன். இப்பிடி ஒரு புள்ளய வீட்டுல வச்சிருக்கீங்களே. ஆகஸ்ட் பதினாலுக்குள்ள வந்தா பிளஸ் டூவுல பேரச் சேத்திருவேன். அதுக்குப் பொறகு என் கையில ஒண்ணும் இல்ல. அப்பாகிட்ட சொல்லு."

சொல்லவில்லை. இப்போது சொன்னால் முடியாது என்பார். ஆடி மாதக் காற்றில் கண் சிவக்காமல் போய்வர முடியும் என்று முதலில் நான் காட்ட வேண்டும். எனக்கு இரண்டு கண் இருக்கிறது. அதனால் நான்தான் போட்டுப் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணாடி சரி என்று கண்டுபிடித்த பிறகு ரூபியக்காவையும் சேர்த்துக் கேட்பேன்.

இன்னும் முப்பத்தெட்டு நாள்.

ஜூலை 8, செவ்வாய்

ஆடி பிறக்க ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் கச்சான் வந்துவிட்டது. மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. டவுன் மேற்கில். ஆகவே காலையில் முகத்துக்கு நேராக அடிக்கும்.

உப்புலாரி ஒன்று கடந்து போனதும் கண்ணில் எரிந்தது. நின்றேன். உப்பு என்றால் பயமில்லை. எரியும், கண்ணீர் வரும், கரைந்து போய்விடும். மணல் கரையாது. இன்று முதலில் உப்பு, பாலத்துக்குப் பக்கத்தில் மணல். தண்ணீர் பாட்டிலைக் கண்ணில் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்தேன். முதல் பீரியட் முழுக்க வலது கண்ணை மூடிக்கொண்டே எழுதினேன்.

சாயங்காலமும் சிவப்பு போகவில்லை. பின்வாசல் வழியாக நுழைந்து, அம்மா கேட்பதற்கு முன்னாலேயே உள்ளி வெங்காயக் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு உரிக்க உட்கார்ந்தேன். அப்பா வந்து பார்த்தபோது இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டியது.

"என்ன இன்னைக்கு இவ அடுப்படிக்கு வந்திருக்கா?" என்றார்.

"நாளைக்குக் கொழம்புக்கு," என்றேன்.

"கொழம்புக்கா, கல்யாண வீட்டுக்கா? ரெண்டு கிலோ உரிச்சிருக்கா," என்றாள் அம்மா.

ரூபியக்கா தன் ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 10, வியாழன்

துப்பட்டாவை முகத்தில் சுற்றிக் கண்ணை மட்டும் விட்டுப் பார்த்தேன். கண்ணைத்தானே மூட வேண்டும்? மடத்தனம்.

ஜூலை 11, வெள்ளி

இசக்கியிடம் மட்டும் பாதி சொன்னேன். அவள் எங்கள் ஊரிலேயே கடற்கரைப் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறாள். என் வகுப்பு. அவள் அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். கேட்டதும் சிரித்தாள்.

"இதுக்காட்டி இந்த மூஞ்சி? எங்கப்பா கண்ணாடி ஒண்ணு சும்மா கெடக்கு. கடலே உள்ள போகாது, காத்தா போகும்?"

திங்கட்கிழமை கொண்டு வருகிறாள்.

ஜூலை 14, திங்கள்

கறுப்பு ரப்பர் விளிம்பு வைத்த பெரிய கண்ணாடி. கண்ணோடு மூக்கையும் சேர்த்து மூடும். அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறியதும் இசக்கி சிரித்துச் சிரித்துச் சாலையில் உட்கார்ந்தே விட்டாள். உப்பு வாருகிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஒரு அக்கா கத்தினாள்: "ஏ புள்ள, தண்ணி அந்தப் பக்கம்! இது ரோடு!"

வாயால் மூச்சு விட வேண்டியிருந்தது. அரை கிலோமீட்டரில் உள்ளே ஆவி படிந்து எல்லாம் பால் மாதிரி ஆகிவிட்டது. "எச்சி துப்பித் தேயிட்டி, எங்கப்பா அப்பிடித்தான் செய்வாரு," என்றாள் இசக்கி. அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை செய்தது. பாலம்வரை ஒரு தூசி உள்ளே வரவில்லை.

ஆனால் நேரே மட்டும்தான் தெரிந்தது. லாரி என் தோளுக்குப் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தபோதுதான் அது இருப்பதே தெரிந்தது. சைக்கிளோடு சரிவில் இறங்கிவிட்டேன். டிரைவர் தலையை நீட்டி என்ன சொன்னார் என்று இங்கே எழுத மாட்டேன்.

 எனக்கே பக்கவாட்டில் தெரியாவிட்டால் இப்படி. ரூபியக்காவுக்கு இடது பக்கமே கிடையாது. வலது பக்கத்தையும் ரப்பர் மூடினால் அவள் என்ன செய்வாள்? கண்ணுக்குள் தூசி போகாமல் இருந்தால் மட்டும் போதாது. எல்லாப் பக்கமும் தெரியவும் வேண்டும்.

அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்றால், இருக்கிறது. அது வேண்டாம்.

ஜூலை 15, செவ்வாய்

கண் வெள்ளை. உள்ளி உரிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, கோயில் மைதானத்துக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். கைக்குட்டையை மடித்து இடது கண்ணில் கட்டிக்கொண்டு ஓட்டினேன். ரூபியக்காவுக்கு என்ன தெரியும் என்று தெரிய வேண்டும்.

முதல் சுற்றிலேயே மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் இருந்த பூந்தொட்டியில் மோதினேன். இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருப்பது மாதிரி தெரிந்தது. இரண்டாம் சுற்றில் இடது பக்கமிருந்து வந்த நாய். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பின்னால் சிரிப்புச் சத்தம். ரூபியக்கா வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் வெளியே வந்து எத்தனை மாசம் ஆயிற்று. சிரித்தும்தான்.

"என்னட்டி, என்னய மாதிரி ஓட்டிப் பாக்கியா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. கட்டை அவிழ்க்கப் போனேன்.

"அவுக்காத. கண்ண மட்டும் திருப்புத பாரு, அதான் தப்பு. தலையத் திருப்பணும். கோழி பாக்கும்லா, அது மாதிரி. வெட்டி வெட்டிப் பாக்கணும். நான் அடுப்படியில அப்பிடித்தான் பாக்குதேன், இல்லன்னா கைய சுட்டுக்கிடுவேன்."

மூன்றாம் சுற்றில் தொட்டியில் மோதவில்லை.

"நீ ஓட்டுதியா?" என்றேன்.

சைக்கிளின் கைப்பிடியைத் தொட்டாள். பெல்லை ஒருமுறை அடித்தாள். "காத்து அடிக்கி," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஓட்ட முடியாது என்று அவள் சொல்லவில்லை. காத்து அடிக்கி என்றுதான் சொன்னாள். அதற்குத்தானே நான் இருக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

சைக்கிள் கடையில் மஞ்சள் கண்ணாடி ஒன்று தொங்கியது. ராத்திரியில் பகல் மாதிரி தெரியும் என்றார் கடைக்காரர். கேட்டு வாங்கி, சாயங்காலம் கடை வாசலிலேயே போட்டுப் பார்த்தேன். எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. கழற்றினால் அதே அளவுதான் தெரிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஒனக்குக் கண்ணு நல்லா இருக்கு, அதான் வித்தியாசம் தெரியல," என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

மாதா கோயில் திருவிழாவுக்கு அம்மா கூட்டிக்கொண்டு போனாள். ரூபியக்கா வரவில்லை. கூட்டத்தில் யாராவது கண்ணைப் பற்றிக் கேட்பார்கள்.

திருவிழாக் கடையில் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கினேன். முகத்தைச் சுற்றி வளைந்து வருகிற கறுப்பு. அம்மா ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பைக்குள் போட்டேன். நேற்று மத்தியானம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும்போது இரண்டு பக்கமும் உப்பு வெள்ளையாக எரிந்து, கண்ணைத் திறக்கவே முடியாமல் வந்தேன். அதற்கு இது உதவும்.

ஜூலை 28, திங்கள்

எல்லாம் போய்விட்டது. நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கறுப்புக் கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது. காற்று உள்ளே வரவில்லை. உடைமரங்கள் இரண்டு பக்கமும் மூடிய இடத்தில் மட்டும் திடீரென்று இருட்டிவிட்டது. அங்கே நின்ற ஆட்டைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். மற்றபடி சரி. கழற்ற மறந்து அப்படியே பள்ளி கேட்டுக்குள் போய்விட்டேன்.

"ஏய், அங்கயே நில்லு! கிட்ட வராத!"

பி.டி. டீச்சர். விசிலை ஊதியே விட்டார். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பி, உடனே முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"டீச்சர், எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல டீச்சர். காத்துக்குப் போட்டிருக்கேன்."

"எல்லாரும் இதத்தான் சொல்லுதீங்க. போன வாரம் ஒருத்தி இப்பிடித்தான் வந்து ஒம்பதாங் கிளாஸ் பூராவும் மெட்ராஸ் ஐய பரப்பிட்டுப் போயிட்டா."

"கழட்டிக் காட்டுதேன் டீச்சர்."

"கழட்டாத! கழட்டாதங்கேன்! பாத்தாலே ஒட்டிக்கிடும்!"

கழற்றினால்தானே தெரியும்? கழற்ற விடவே இல்லை. இசக்கி ஏதோ சொல்ல வந்தாள். அவளையும் என் பக்கத்தில் நின்றதற்காகத் தனியாக நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்திலிருந்து அப்பாவுக்குப் போன் போட்டார்கள். "ஒங்க பொண்ணுக்குக் கண்ணு செவந்திருக்கு, வந்து கூட்டிட்டுப் போங்க."

அப்பா உப்பு அரைக்கிற மில்லில் வேலை செய்கிறார். அந்த உடுப்போடேயே, முகமெல்லாம் உப்பு மாவாக, யாருடைய மோட்டார் சைக்கிளிலோ வந்து இறங்கினார்.   திட்டவே இல்லை. என்னைப் பின்னால் உட்கார வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மேல பாரு. கீழ பாரு. இந்தப் பக்கம்."

இரண்டு கண்ணும் வெள்ளை. அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் இல்லியே. பொறகு எதுக்குட்டி கறுப்புக் கண்ணாடி?"

நான் கண்ணாடியைப் பைக்குள் திணித்தேன்.

"ஸ்டைலா? ஒங்க அக்காவுக்கு மில்லுல கேட்டு வாங்கியாந்து குடுத்தேன். நல்ல கண்ணாடி. இதப் போடாம அளத்து ரோட்டுல போவாதன்னு சொன்னேன். அத வீட்டுல வச்சிட்டுப் போனா. எதுக்கு? போட்டா அழகு கொறஞ்சிரும். இப்போ நீ அழகுக்குப் போட்டுட்டு வார. ஒருத்தி போடாம கண்ணத் தொலச்சா, ஒருத்தி போட்டு என் உசிரத் தொலைக்கா."

ரூபியக்கா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக இதைத்தான் கேட்கிறாள். ஒரு தடவைகூட, இல்லப்பா என்று சொன்னதில்லை.

நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் பள்ளியிலிருந்து சைக்கிளை எடுத்துவந்து, சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். "பஸ்ஸுல போ. திருவிழா முடியட்டும். உள்ளூர்லயே தையல் கிளாஸ் இருக்கு, யோசிப்போம்."

ஜூலை 29, செவ்வாய்

பஸ். பள்ளிக்குப் போனபோது பத்தேகால். இரண்டு பீரியட் போயிற்று.

ஜூலை 31, வியாழன்

ரூபியக்காவுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை ஆஸ்பத்திரி. அம்மாவோடு நானும் போனேன். டாக்டரம்மா விளக்கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். வலது கண் நன்றாக இருக்கிறது என்றார்.

நான் கேட்டேன். அம்மா முழங்கையால் இடித்தும் கேட்டேன். "டாக்டர், அக்கா சைக்கிள் ஓட்டலாமா? அளத்து ரோட்டுல?"

"ஓட்டலாமே. ஒரு கண்ணுல பழகிட்டா ஓட்டலாம். ஆனா கண்ணாடி இல்லாம வாசல் தாண்டக் கூடாது. இருக்கிறது ஒண்ணு, அதுக்கு ஸ்பேர் கிடையாது."

"கறுப்பா டாக்டர்?"

"கறுப்பு எதுக்கு? நிழல்ல போனா குருடாயிரும். அதுலயும் திருவிழாக் கறுப்பு வெறும் சாயம். உள்ள இருட்டா இருக்கேன்னு கண்ணுப்பாவை விரியும், கெட்ட வெயில் அத்தனையும் உள்ள போகும். நிறமே இல்லாததா வாங்கு. தொழிற்சாலையில போடுவாங்க பாரு, அந்த மாதிரி. கெட்டி பிளாஸ்டிக், ஒடஞ்சு சில்லாகாது. பக்கத்துலயும் மூடியிருக்கணும், அந்த மூடியும் கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கணும். காதுக்குப் போற கம்பி மெல்லிசா இருக்கட்டும், இல்லன்னா இருக்கிற ஒரு பக்கத்தையும் மறைச்சிரும். வெயில் கூசினா மேல ஒரு தொப்பி."

சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி மடித்து மடித்துக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். "இத ஒங்கப்பாகிட்ட யாரு சொல்லுவா?" என்றாள் பஸ்ஸில். பிறகு தானாகவே, "நான் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்திருக்கணும்," என்றாள். ரூபியக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அது வேண்டாம் என்று முன்பு எழுதினேனே, டாக்டரம்மா பார்க்காமலேயே அதை அப்படியே சொன்னார். நிறமில்லாதது, பக்க மூடி, மெல்லிய கம்பி.

ஆகஸ்ட் 2, சனி

அம்மா பரண்மேல் எலி ஓடுகிறது என்கிறாள். நாளைக்குக் கிறிஸ்துமஸ் குடில் பெட்டியை இறக்கிப் பார்க்க வேண்டுமாம். நான் இறக்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். மிக வேகமாகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இனிமேல் இந்த நோட்டிலாவது ஒளிக்காமல் எழுதுகிறேன்.

போன வருஷம் நான் பத்தாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எனக்கு விஞ்ஞானி வேடம். வெள்ளைக் கோட்டு டீச்சர் கொடுத்தார்கள். கண்ணாடி இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ரூபியக்காவின் கண்ணாடி ஆணியில் தொங்கியது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். கேட்டால் தர மாட்டாள் என்று கேட்காமலேயே எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் தெருமுனையில் திரும்பும்போதுகூட அவள் குரல் கேட்டது. "அம்மா, என் கண்ணாடி எங்க?"

அன்றுதான் அது நடந்தது.

சாயங்காலம் கொண்டுவந்து ஆணியில் மாட்டியிருக்கலாம். வீட்டில் எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண்ணில் துணி. நான் பரணில் ஏறி, குடில் பெட்டியில் வைக்கோலுக்கு அடியில் வைத்தேன். டிசம்பரில் நானே குடில் கட்டினேன். அப்போதும் அதைத் தொடவில்லை.

அதனால்தான் நான் வேறு கண்ணாடி தேடினேன். அதைப் போட்டால் அப்பாவுக்கு ஒரு நொடியில் தெரியும். கம்பியில் சிவப்பு நெயில் பாலிஷால் "ரூ" என்று எழுதியிருக்கிறார், மில்லில் மற்றவர்களுடையதோடு மாறிவிடாமல் இருக்க எழுதுகிற மாதிரி.

இன்று பெட்டியை இறக்கினேன். எலி இடையன் பொம்மையின் தலையைத்தான் கடித்திருந்தது. கண்ணாடியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு உள் அறைக்குப் போனேன். ரூபியக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நேரே அவள் முன்னால் நீட்டினேன். 

அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"குடில் பெட்டியிலயா வச்சிருந்த? நான் ஒம் பழைய பைக்குள்ள எல்லாம் தேடுனேன்."

"ஒனக்குத் தெரியுமா?"

"ஒங்க டீச்சர் கண்காட்சி போட்டோ அனுப்புனாங்கல்லா, வீட்டுப் போனுக்கு. நான் ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது வந்துச்சு. வெள்ளைக் கோட்டு, என் கண்ணாடி, வாயெல்லாம் பல்லு. அப்பா பாக்குறதுக்கு முன்னால அழிச்சிட்டேன்."

"ஏங்க்கா?"

"ஒன்ன அடிச்சா எனக்குக் கண்ணு வருமா?"

நான் அழுதேன். அவள் கொஞ்ச நேரம் அழ விட்டாள். பிறகு தலையில் ஒரு குட்டு வைத்தாள், வலிக்கவே செய்தது. "இது கண்ணாடிக்கு இல்ல. ஒரு வருசம் எங்கிட்ட சொல்லாம இருந்ததுக்கு."

தலைமையாசிரியை சொன்னதையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். பதினாலாம் தேதி என்றதும் விரலை விட்டு எண்ணினாள். "வரணும்னுதான் இருக்கு," என்றாள் மெதுவாக. "ஆனா, சொன்ன பேச்சக் கேக்காத கழுதன்னு நெனைக்கிற அப்பா என்னய நம்பி எப்பிடி விடுவாரு?"

கண்ணாடியை வாங்கித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வருஷமாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்த முகக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். தலையை வெட்டி வெட்டித் திருப்பினாள்.

"விஞ்ஞானி மாதிரி இல்ல?" என்றாள்.

ஆகஸ்ட் 6, புதன்

திருவிழா நேற்றோடு முடிந்தது. தையல் கிளாஸ் பற்றி அப்பா காலையில் விசாரித்திருக்கிறார்.

விடிந்ததும் கிளம்பி, இசக்கியோடு படித்துவிட்டு அங்கிருந்தே பஸ்ஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் வீட்டுக்கு நடந்தேன். அவள் சைக்கிளை, அக்காவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் ஓட்டினேன். அவள் கேரியரில் உட்கார்ந்து என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "எனக்கு ஒம் முதுகுதான் கண்ணாடி. வளையாம ஓட்டு."

கச்சான் இன்றைக்குத்தான் உச்சம். உப்புக்குவியல் மேல் போட்ட கீற்றே பறந்தது. உப்புலாரி நான்கு கடந்தது. கண்ணாடியில் மணல் படபடவென்று அடிக்கிற சத்தம் கேட்டது. உள்ளே ஒன்றும் வரவில்லை. நான்கு லாரியையும் கடைக்கண்ணிலேயே பார்த்தேன். உடைமரத்து நிழலில் எல்லாம் தெரிந்தது. வேர்த்து ஆவி படிந்ததற்குச் சோப்பை லேசாகத் தடவித் துடைத்தேன், போய்விட்டது. எச்சில் வேண்டாம்.

ஆசிரியர்களுக்குக் கூட்டம் என்று ஒரு மணிக்கே விட்டுவிட்டார்கள். உச்சி வெயில், இரண்டு பக்கமும் வெள்ளை. இசக்கி அவள் அப்பாவின் தொப்பியைக் கொண்டுவந்திருந்தாள். விளிம்பை இழுத்துவிட்டுச் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன். கூசியது, ஆனால் கண்ணை மூட வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் இசக்கி அம்மாவுக்குச் சாமான் வாங்கப் பாலம்வரை போய்வந்தேன். கழிமுகத்துக் கொசுக்கூட்டம் முகத்தில் வந்து மோதியது. வாய்க்குள் இரண்டு போயிற்று. கண்ணுக்குள் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு முன்வாசல் வழியாகவே வந்தேன். உள்ளி தொடவில்லை.

கண்ணாடி கிடைத்துவிட்டது. நான் ஒளித்த இடத்திலேயே இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

அப்பாவுக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட். பதினொரு மணிக்கு மேல்தான் வருவார். அம்மா தூங்கிவிட்டாள். ரூபியக்கா படுத்திருக்கிறாள், தூங்கவில்லை. மூச்சிலேயே தெரிகிறது.

"சொல்லாதட்டி," என்றாள் முதலில். "நான் தையலே படிக்கேன். நீ பஸ்ஸுல போ."

"நீ வச்சிட்டுப் போனேன்னுதான் அப்பா ஒன்ன நம்ப மாட்டேங்காரு. நீ வச்சிட்டுப் போகல. அத யாரு சொல்லணும்?"

அவள் போர்வையை விலக்கினாள். "அடிச்சாருன்னா நான் எந்திரிச்சு வருவேன்," என்றாள்.

அப்பாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீளமாகச் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன். அதனால் இவ்வளவுதான்: அக்கா வைத்துவிட்டுப் போகவில்லை, நான் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வருஷம் ஒளித்து வைத்தேன். நேற்று போட்டு ஓட்டினேன், டார்ச் அடித்துப் பாருங்கள். பதினாலாம் தேதிக்குள் அக்கா பள்ளிக்கு வர வேண்டும். இந்தக் கண்ணாடி அவளுக்கு. எனக்கு இன்னொன்று மில்லில் கேட்டு வாங்கித் தாருங்கள். தராவிட்டாலும் சரி, நான் பஸ்ஸில் போகிறேன், அவள் சைக்கிளில் போகட்டும். டாக்டர் சீட்டு அம்மாவிடம் இருக்கிறது.

சொல்லாமல் தூங்கிவிடலாம் என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் கண்ணாடியைப் பெட்டியில் வைக்கவில்லை, மேஜைமேலும் வைக்கவில்லை. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "ரூ" என்ற எழுத்து வெளிப்பக்கம் தெரிகிறது. கதவைத் திறந்ததும் அவர் முதலில் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும். பிறகு என்னால் பின்வாங்க முடியாது.

 எழுத்து கோணுவதற்கு மன்னியுங்கள். உங்களிடம் யாருக்கும் காட்டாதீர்கள் என்று கேட்டேனே, அது இன்று ராத்திரிவரைதான். நாளைக்கு

கதவு தட்டும் சத்தம். ரூபியக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம், நான்தான் திறக்க